வீட்டில் ஓர் இசை அறை: கதவிலிருந்து பேஸ் வரை ஒரு வழிகாட்டி

14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நம் ஊர்த் தனி வீடுகளில் கொஞ்சம் தாராளமான படுக்கையறை என்றால் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு கதவு, ஒன்றோ இரண்டோ ஜன்னல். இப்படி ஓர் அறையைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்க முடிகிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதை எந்த வரிசையில் தயார் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுரை முழுக்க இந்த ஒரே அறையை வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் அறையின் அளவை அதே கணக்கில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு ஸ்பீக்கர் வைத்து ஸ்டீரியோ கேட்கும் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஹோம் தியேட்டருக்கு வேறு கணக்கு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வாங்கி இறக்கிவிட்டு, மிச்சக் காசில் அறையைப் பார்க்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். அறை, அதன் அமைதி, மின்சாரம், ஸ்பீக்கரும் நாற்காலியும் நிற்கும் இடம், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்கள், எதிரொலி என்று போய், கருவிகளைத் தரம் உயர்த்துவதைக் கடைசியில் வையுங்கள். காரணம் எளிது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 300 அதிர்வுகளுக்குக் குறைவான தாழ்ந்த சுரங்களில், உங்கள் காதுக்கு வருவதில் பெரும்பங்கு அறையின் கைவேலை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான். அந்தப் பகுதியில் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் சாதாரண ஸ்பீக்கரும் ஒரே அறைக்குள் ஒரே மாதிரி திணறும்.

எந்த அறையை ஒதுக்குவது

புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால், பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்: இந்த அறை சதுரமாக வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாகவோ, ஒன்று இன்னொன்றின் இரு மடங்காகவோ இருந்தால், ஒரே தாழ்ந்த சுரத்தை எல்லாப் பக்கமும் சேர்ந்து ஊதிப் பெருக்கும். சர்வசாதாரணமாகக் கட்டும் 10க்கு 10 அறை, 10 அடி உயரத்தோடு சேரும்போது, இசைக்கு இருப்பதிலேயே மோசமான வடிவம்.

ஒலியியலாளர்கள் பரிந்துரைத்த விகிதங்கள் சில உண்டு. செப்மேயர் 1965இல் சொன்னவற்றில் ஒன்று 1 : 1.14 : 1.39. லவுடன் 1971இல் சொன்னது 1 : 1.4 : 1.9, அதாவது உயரம் 10 அடி என்றால் அகலம் 14, நீளம் 19. நம் மாதிரி அறை முதல் விகிதத்துக்கு நெருங்கி வருகிறது. ஆறு இன்ச் கூடிப்போனது, குறைந்துபோனது என்று மனதை உழற்றிக்கொள்ள வேண்டாம். சதுரத்தைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கட்டிய வீடு என்றால் இருக்கிற அறைகளில் ஒவ்வொன்றிலும் இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தெருவில் பஸ் திரும்பும் சத்தம், பக்கத்து வீட்டு போர் மோட்டார், மேல்தளத்துப் பாத்ரூம் குழாய், சமையலறை ஃபிரிட்ஜ் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். மொட்டை மாடி அறை பலருக்குக் கவர்ச்சியாகத் தெரியும். கான்கிரீட் கூரை என்றால் யோசிக்கலாம். தகரக் கூரை என்றால் வேண்டாம், மழை பெய்தால் எதுவும் கேட்காது, வெயிலில் உட்காரவே முடியாது. பெரியவர்கள் தூங்கும் அறைக்கு மேலேயும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் உள்ள இடத்திலும் இந்த அறையை வைக்காதீர்கள். இரவில்தான் நிம்மதியாகப் பாட்டு கேட்க முடியும், அந்த நேரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இருக்கக் கூடாது.

கதவும் ஜன்னலும்

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். வெளிச் சத்தம் உள்ளே வராமலும், உள் சத்தம் வெளியே போகாமலும் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் ஒலி சுவரில் மோதித் திரும்புவதைக் கட்டுப்படுத்துவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். இரண்டாவதற்குக் காற்று புகுந்து வரக்கூடிய பஞ்சு போன்ற பொருள் வேண்டும். சுவரில் ஒட்டும் ஃபோம், முட்டை அட்டை இவை எதுவும் பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது.

கனத்தைப் பொறுத்தவரை நம் வீடுகள் கொடுத்துவைத்தவை. இருபுறமும் பூசிய 9 இன்ச் செங்கல் சுவர், மேலை நாடுகளில் பலகையும் ஜிப்சமும் வைத்துக் கட்டும் சுவர்கள் பலவற்றைவிடத் திடமானது. நமக்கு ஓட்டை கதவிலும் ஜன்னலிலும்தான். ஒரு கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் அது சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இப்போது கட்டும் வீடுகளில் உள்கதவு நிலைகளுக்குக் கீழ்க்கட்டை வைப்பதில்லை. அடியில் அரை இன்ச் சந்து எப்போதும் இருக்கும். அந்தச் சந்து வழியாகவே பாட்டு வெளியே போய்விடும்.

எனவே உள்ளே கூடு இல்லாத, கனமான பிளஷ் கதவு போடுங்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆசாரியிடம் சொல்லி நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பீடிங் ஒட்டி, கீழே ஒரு கட்டையோ, கதவைச் சாத்தும்போது தானே இறங்கித் தரையை அடைக்கும் சீலோ வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். வெளி வெளிச்சம் கோடாகத் தெரியும் இடமெல்லாம் ஒலியும் கசியும் இடம்.

ஜன்னலில் சறுக்கும் அலுமினியக் கதவுகள் ஒருபோதும் முழுதாக அடைக்காது. கீல் வைத்துத் திறந்து, ரப்பரில் அழுந்தி மூடும் யுபிவிசி ஜன்னலும் லேமினேட்டட் கண்ணாடியும் நல்ல தேர்வு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கச் சாத்திக் கிடக்கும் அறைக்குக் காற்றோட்டம் தேவைப்படும்.

கரண்ட்

பூச்சு வேலைக்கு முன்னால் செய்துவிட்டால் இதற்குச் செலவு மிகக் குறைவு. டிபி பாக்ஸிலிருந்து இந்த அறையின் கருவிகளுக்கென்று 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரில் ஒரு தனி லைன், அதற்கென்று தனி எம்சிபி. வழியில் வேறு எந்த பிளக் பாயிண்டுக்கும் அது கிளை பிரியக் கூடாது. கருவிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நான்கைந்து சாக்கெட்டுகள், எல்லாம் ஒரே மின் ஃபேஸ், ஒரே எர்த். அறையின் விளக்கு, விசிறி, ஏசி வேறு லைனில் இருக்கட்டும். விளக்குக்கு டிம்மர் வேண்டாம். டிம்மரின் இரைச்சல் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்க வாய்ப்பு உண்டு.

எர்த் குழியை நாம் கட்டிய அன்றோடு மறந்துவிடுகிறோம். கோடையில் அந்த மண் காய்ந்துபோனால் எர்த்தின் தரமும் போய்விடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வழி செய்யுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு இருக்கலாம்.

ஸ்பீக்கரில் விடாமல் ஒரு 'ம்ம்ம்' கேட்டால், முதலில் கேபிள் டிவி வயரைச் சந்தேகப்படுங்கள். செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்தால் அந்தக் கேபிள் வழியாக இன்னொரு எர்த் உள்ளே வந்து சேரும். கேபிளைக் கழற்றியதும் சத்தம் நின்றால் காரணம் அதுதான். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிடச் சொல்வார்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் இந்த லைனை அதில் சேர்க்க வேண்டாம். சதுர அலையில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்கரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவதே நல்ல காப்பீடு.

ஸ்பீக்கர் வயருக்குச் சுவருக்குள் தடித்த பைப் ஒன்றை விடுங்கள். ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் தாராளம். கேபிளுக்குச் செலவழிக்கப் பணம் வைத்திருந்தால் அதைப் பின்னால் சொல்லப்போகும், ஒலியை உறிஞ்சும் பேனல்களுக்கு மாற்றிவிடுங்கள்.

ஏசி, விசிறி, ஈரம்

ஏசி இல்லாமல் சாத்திய அறையில் இங்கே உட்கார முடியாது. நம் அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போதும். கேட்க உட்காருவதற்கு அரை மணி முன்பே ஓடவிட்டு அறையைக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்கும்போது விசிறி வேகத்தை மிகக் குறைவுக்குக் கொண்டுவாருங்கள். உள் யூனிட் உங்கள் தலைக்கு மேலேயும் வேண்டாம், ஸ்பீக்கருக்கு மேலேயும் வேண்டாம். வெளி யூனிட்டின் பிராக்கெட்டை இந்த அறையின் சுவரில் அடிக்க விடாதீர்கள், அதிர்வு செங்கல் வழியாக உள்ளே வரும். சீலிங் ஃபேன் இருக்கட்டும், பாட்டு ஓடும்போது மட்டும் நிறுத்திவையுங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்பி இசைத்தட்டு அட்டைகளில் பூஞ்சை பிடிக்கும், கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ முனைகள் மங்கும், பழைய ஸ்பீக்கர்களின் ஃபோம் விளிம்பு உதிரும். ஊருக்குப் போனாலும் வாரத்தில் ஒரு நாளாவது அறையைத் திறந்து காற்றாட விட யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஸ்பீக்கரும் நாற்காலியும்

இதற்கு அளவு டேப்பைத் தவிர எந்தச் செலவும் இல்லை. பலன் மட்டும் மிகப் பெரிது.

ஸ்பீக்கர்கள் 11 அடி அகலமுள்ள சிறிய சுவரின் பக்கம் நிற்கட்டும்; ஒலி அறையின் நீளவாக்கில் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 6 அடி. பக்கச் சுவருக்கு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டரை அடி. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து (இதை முன்சுவர் என்போம்) ஸ்பீக்கரின் முகம் மூன்றரை அடி முன்னால். உங்கள் தலை ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 6 அடி தள்ளி, மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். அப்படி வைத்தால் நீங்கள் முன்சுவரிலிருந்து சுமார் 8.7 அடியிலும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 5.3 அடியிலும் இருப்பீர்கள். அந்த 5.3 அடி, அறையின் நீளத்தில் 38 சதவீதம். ஆரம்ப இடமாக அனுபவசாலிகள் சொல்லும் அளவு அது. சரியாக நடு அறையில் உட்கார்ந்தால் அறையின் அடிப்படை பேஸ் சுரம் காணாமல் போகும். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் அதே சுரம் முழங்கித் தள்ளும்.

மேல் சுரங்களைத் தரும் ட்வீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும்; நாற்காலியில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து 36 முதல் 38 இன்ச் வரும். நாற்காலியின் முதுகு காதைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இடது, வலது தூரங்களை அரை இன்ச்சுக்குள் சமமாக்குங்கள். அதன் பிறகு தனிக்குரல் ஒன்றைப் போடுங்கள். பாடுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், சிறிய உருவமாக நிற்க வேண்டும். குரல் பரவலாக, எங்கிருந்தோ வருவது போலக் கேட்டு, பேஸும் மெலிந்திருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

ஸ்பீக்கர் வாங்கும்போது இந்த அளவை மனதில் வையுங்கள். நம் அறைக்கு ஸ்டாண்டில் நிற்கும், தாழ்ந்த சுரங்களுக்கு ஐந்து முதல் ஆறரை இன்ச் வூஃபர் உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரே பொருத்தம். ஆளுயர டவர்கள் ஷோரூமின் பெரிய ஹாலில் பிரமாதமாகக் கேட்டிருக்கலாம். இங்கே அவை கொட்டும் பேஸை அடக்கவே பாதி ஆயுள் போய்விடும்.

பேஸ்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

565 என்ற எண்ணை அறையின் ஓர் அளவால் (அடியில்) வகுத்தால், அந்தப் பக்கம் எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்று கிடைக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி ஓடுகிறது. 565 அதில் பாதி. நம் அறையில் 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56.5. இவற்றின் இரு மடங்கு, மும்மடங்குகளும் முழங்கும், ஆனால் முதல் மூன்றுதான் பெரிய தொல்லை.

இதைப் பாட்டில் வைத்துப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளையும் திறந்து மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் வரும். நம் அறையில் முதல் தந்தி நீளத்தோடு மோதுகிறது, இரண்டாவது உயரத்தோடு மோதுகிறது, மூன்றாவதற்கு அப்படிப் பலமான துணை யாரும் இல்லை. வாசித்தவர் நான்கையும் ஒரே அழுத்தத்தில் வாசித்திருப்பார். உங்களுக்கோ இரண்டு பூதமாகவும் ஒன்று நோஞ்சானாகவும் கேட்கும். கர்நாடக இசை கேட்பவர்கள் மிருதங்கத்தின் தொப்பியைக் கவனித்தால் போதும். கும்கி கொடுக்கும்போது நாதம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். சீராக எழ வேண்டிய அந்த வழுக்கல் நடுவில் ஓரிடத்தில் குபீரென்று வீங்கி உடனே வடிந்தால், அது அறை போடும் தாளம், வித்வானுக்கு அதில் பங்கில்லை.

இதை எப்படிச் சரிசெய்வது? ஒரு இன்ச் ஃபோம் உதவாது. பஞ்சு போன்ற பொருள் முழுதாக வேலை செய்ய அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். ஒரு இன்ச்சுக்கு அது சுமார் 3400 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழே போகப்போக அதன் வேலை குறைந்துகொண்டே வரும். 40 ஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு என்றால் 7 அடி! அவ்வளவு தடிமன் யாராலும் வைக்க முடியாது. ஆனால் அறையின் எல்லா முழக்கங்களும் மூலைகளில்தான் அழுத்தமாகக் குவிகின்றன. அதனால் மூலையில் வைக்கும் ஒவ்வொரு அடிப் பஞ்சும் மற்ற இடத்தில் வைப்பதைவிட அதிகம் உழைக்கும்.

செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள இரண்டு மூலைகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். வித்தியாசம் காதில் விழுந்தால் மேற்கொண்டு போகலாம். மெத்தைகளையே நிரந்தரமாக வைத்துவிட வேண்டாம். ஈரமும் எலியும் தேடி வரும், பஞ்சு தீப்பிடிக்கவும் கூடும்.

நிரந்தரமாக வைக்க ராக்வூல் எனப்படும் கல்பஞ்சு சிறந்தது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன், நாலுக்கு இரண்டு அடி ஷீட்டாக வாங்குங்கள். தொழிற்சாலைகளுக்கான 144 கிலோ சரக்கைக் கடைக்காரர் 'இன்னும் கெட்டி' என்று காட்டுவார். மூலையில் பேஸை உறிஞ்ச வைக்கும் தடித்த பேஸ் ட்ராப்புக்கு அது ஆகாது, காற்று உள்ளே புகாமல் ஒலி திரும்பிவிடும். ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு சதுரமாக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் மூலைவிட்டங்களில் வெட்டினால் ஷீட்டுக்கு எட்டு முக்கோணம். இவற்றை மூலையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினால் முன்பக்கம் இரண்டு அடி அகலத்தில் ஒரு தூண் எழும்பும். 10 அடி உயரத்துக்கு 60 முக்கோணம், அதாவது ஒரு மூலைக்கு ஏழரை ஷீட். இரண்டு மூலைக்குப் பதினைந்து. மற்ற இரண்டு மூலைகளில் பெரும்பாலும் கதவோ ஜன்னலோ குறுக்கே வரும். முடிந்தால் அங்கும் வையுங்கள்.

பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் சேர்ப்பவர்கள் இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து பேஸ் நிறைந்த பாட்டைப் போடுங்கள். தரையோரமாகத் தவழ்ந்தபடி சுவர்களைச் சுற்றி வாருங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, சப் அங்கே நிற்கலாம்.

பேனல் செய்வது

பேனல்களை ஆயத்தமாகவும் வாங்கலாம். ஆனால் ஆசாரியைக் கூட்டி வந்து வீட்டிலேயே செய்தால் செலவு வெகுவாகக் குறையும். தடிமனையும் நீங்களே முடிவு செய்யலாம். ரீப்பர் மரத்தில் நாலுக்கு இரண்டு அடிச் சட்டம், ஆழம் 4 இன்ச். கரையான் மருந்து அடித்துக் காய வைத்த மரமாக இருக்கட்டும். அதற்குள் இரண்டு ராக்வூல் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பின்பக்கம் பிளைவுட் வைத்து அடைக்க வேண்டாம். துணியும் நைலான் கயிற்றுக் குறுக்குப் பின்னலும் போதும். சுவரிலிருந்து 4 இன்ச் தள்ளித் தொங்கவிட்டால், அந்தக் காற்றிடமும் சேர்ந்து வேலை செய்து, சுமார் 125 ஹெர்ட்ஸ் வரை பேனல் ஓரளவு உறிஞ்சும்.

துணிக்கு விதி ஒன்றுதான். வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வர வேண்டும். காடாத் துணி, கைத்தறிப் பருத்தி இரண்டும் இதில் தேறும், பார்க்கவும் அழகு. ரெக்ஸின் தேறாது. பேனலுக்கு மேல் பெயிண்ட் அடிப்பதும் கூடாது. ராக்வூலைக் கையாளும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், கண்ணாடி நான்கும் கட்டாயம். வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு, துணி சுற்றி முடிந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

எங்கே மாட்டுவது என்பதை ஒரு கண்ணாடி சொல்லிவிடும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ட்வீட்டர் உயரத்தில் ஒட்டிப் பிடித்தபடி நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கிருந்துதான் முதல் பிரதிபலிப்பு உங்கள் காதுக்கு வருகிறது. பென்சிலால் குறியிட்டுக்கொள்ளுங்கள். இடது சுவரில் இரண்டு பேனல், வலது சுவரில் இரண்டு, அதே கணக்கில் கூரையில் நான்கு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நான்கு. கூரையில் மாட்டுபவற்றைத் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்துத்தான் தொங்கவிட வேண்டும், ரவல் பிளக்கை நம்பாதீர்கள்.

எவ்வளவு போதும்

அறையின் எதிரொலியைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று 1895இல் அவரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அவர் கண்டுபிடித்தது இது: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க எடுக்கும் நொடிகள் கிடைக்கும்.

நம் அறை 1540 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துச் சுமார் 808 சதுர அடி. வெறும் பூச்சும் டைல்ஸும் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் உறிஞ்சு பரப்பு 24 சதுர அடி, எதிரொலி நேரம் மூன்று நொடிக்கு மேல். காலி அறையில் கை தட்டினால் வரும் அந்தப் படபட ஒலி இதனால்தான். இசை கேட்க 0.3 முதல் 0.4 நொடி நல்ல இலக்கு. 0.4க்குத் தேவை சுமார் 190 சதுர அடி உறிஞ்சு பரப்பு. பன்னிரண்டு பேனல்கள் 96 தரும். இரண்டு மூலைத் தூண்கள் 40. மெத்தை வைத்த சோபா ஏறக்குறைய 20, ஆறுக்கு எட்டு அடித் தடித்த கம்பளம் 15, புத்தக அலமாரியும் மடிப்பு வைத்துத் தைத்த கனத்த திரையும் சேர்ந்து இன்னொரு 20. கணக்கு நேராகிவிடுகிறது. மெல்லிய கோரைப்பாயை இதில் சேர்க்க வேண்டாம்.

இதற்கு மேலும் சேர்த்துக்கொண்டே போனால் வீணையின் மீட்டு உயிரில்லாமல் விழும். நான்கு சுவரிலும் ஃபோம் ஒட்டிய அறைகள் அப்படித்தான் ஆகின்றன: மேல் சுரங்கள் செத்துவிடும், பேஸ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். ஒலியைச் சிதறடிக்கும் டிஃப்யூசர்களை இந்த அளவு அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்கு எதிரே உட்கார இன்னும் தூரம் வேண்டும். மேடுபள்ளமாக அடுக்கிய புத்தகங்களே அந்த வேலையைக் கொஞ்சம் செய்யும்.

அளந்து பார்ப்பது

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கூடவே யுமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக் ஒன்று வேண்டும். அதற்கான திருத்தக் கோப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். மைக்கை உங்கள் தலை இருக்கும் இடத்தில் நிறுத்தி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலியை (ஸ்வீப்) ஓடவிடுங்கள். முதலில் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மட்டும் பாருங்கள். அங்கே 20 டெசிபல் ஏற்ற இறக்கம் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், சிறிய அறைகளில் அது சகஜம். நாற்காலியை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தி மறுபடி அளந்தால் கோடு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து அசந்துபோவீர்கள்.

மேடுகளை, சுரங்களின் அளவைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் இறக்கலாம். பள்ளங்களை அதால் நிரப்ப முடியாது. இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அழிந்துபோகும், ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவது. 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஈக்வலைசரை அதிகம் தொட வேண்டாம், அங்கே ஸ்பீக்கரின் இயல்பைக் காதே ஏற்றுக்கொள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகு அதே மென்பொருளில் ஒற்றைச் சுரமான சைன் ஒலியை 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே, அறைக்குள் கடகடப்பது எது என்று தேடுங்கள். ஜன்னல் கொக்கி, அலமாரிக் கண்ணாடி, சுவிட்ச் போர்டின் மூடி, ஏசியின் முன்பலகை, சுவரில் மாட்டிய சாமி படம் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுரத்தில் ஆடும். ஆடும் பொருளை விரலால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட்டோ ரப்பரோ செருகுங்கள்.

ஒலி அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமைதியான அறையில் சராசரி 75 டெசிபலே கச்சேரிக்கு நிறைவாக இருக்கும், ஏனென்றால் தம்பூராவின் இழைகூட விசிறிச் சத்தத்தோடு போட்டி போட வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் வகுத்த வரம்பு 85 டெசிபலுக்கு நாளில் 8 மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி. ஃபோனில் ஒரு டெசிபல் ஆப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது காட்டுவது தோராயம்தான், என்றாலும் வால்யூம் குமிழில் 85க்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ள அது போதும்.